அத்தியாயம் 17: யார் பெயரில் இந்தப் போன்?

சாப்பாட்டு மேசையில் இரண்டு போன்களை வைத்துவிட்டு, அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு நின்றார்களே, அது போன ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாள் ஓடிவிட்டது. ரத்தினபாய் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை.

மகன் ஜாய்சன் தந்தது ஐபோன். நாலு வருஷம் கண்ணும் கருத்துமாக வைத்திருந்து, தனக்குப் புதிது வாங்கியதும் அம்மாவுக்கென்று துடைத்துக் கொடுத்தது. மகள் ஜெரூஷா தந்தது ஆண்ட்ராய்டு. பெட்டி பிரிக்காத புதுசு. ரத்தினபாயின் பழைய போனோ, திரையில் பச்சைக் கோடு விழுந்து, ஒரு 'ஹலோ'வுக்கு மூன்று முறை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா" என்று பிள்ளைகள் நெருக்கியபோது, முப்பத்திரண்டு வருஷமாகக் கணக்கு டீச்சராக இருப்பவள் என்ன செய்வாளோ அதைத்தான் அவள் செய்தாள். ஒரு தாளில் கட்டம் போட்டாள். பத்துக் கேள்வி, கேள்விக்குப் பத்து மதிப்பெண். முதல் வாரம் ஐபோன், மறுவாரம் ஆண்ட்ராய்டு. எது அதிகம் வாங்குகிறதோ அது இந்த வீட்டில் இருக்கலாம். மற்றது மரியாதையாகப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும்.

சனிக்கிழமை காலை, கிழக்குத் தாம்பரத்து வீட்டின் முன்னறையில், காப்பித் தம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவுடன் ஐபோனுக்கு மதிப்பெண் போட உட்கார்ந்தாள்.

கேமரா, ஒன்பது. பள்ளி விளையாட்டு விழாவில் கடைசி வரிசைப் பிள்ளையின் அவிழ்ந்த ஷூ லேஸ்கூடத் தெரிந்தது. தொங்காமல் வேலை செய்தல், பத்து. ஆறு நாளில் ஒருமுறைகூட அது முரண்டு பிடிக்கவில்லை. எழுத்தின் அளவு, எட்டு. சார்ஜர், மூன்று. வீட்டில் ஏழு சார்ஜர் கிடக்கிறது, ஏழில் ஒன்றும் இந்த மகாராஜாவுக்குப் பொருந்தவில்லை.

'வந்த வழி திரும்புதல்' என்று ஒரு கேள்வி வைத்திருந்தாள். பழைய போனில் கீழே ஒரு பட்டனைத் தட்டினால் போதும். இதில் ஓரிடத்தில் ஓரத்திலிருந்து தள்ள வேண்டும், வேறிடத்தில் மேல் மூலையைத் தொட வேண்டும், மூன்றாவது இடத்தில் எதைத் தொட்டாலும் எங்கேயோ கொண்டுபோய் விடுகிறது. நாலு போட்டாள். அதுவே கருணை மதிப்பெண்.

கடைசிக் கேள்வி, 'பத்திரம்'. இதற்கு முதல் நாளே பத்துக்குப் பத்து போட்டுவிட்டாள். "உன் முகத்தைப் பார்த்தாத்தான் திறக்கும்மா. வேற யார் எடுத்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஜாய்சன் சொல்லியிருந்தான்.

பத்திரம் அவளுக்கு விளையாட்டுச் சமாசாரம் இல்லை. சபையின் பெண்கள் ஐக்கியத்தில் பத்தொன்பது வருஷமாக ஜெபக் குறிப்பு வாங்குகிறவள் ரத்தினபாய்தான். யாருக்கு என்ன மனக்கஷ்டம் என்றாலும் அவளிடம் ரகசியமாகச் சொல்வார்கள். அவள் குறித்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பெயர் சொல்ல மாட்டாள். "ஒரு சகோதரிக்காக ஜெபிப்போம்" என்று மட்டும் சொல்வாள். அந்தச் சகோதரி இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் இருப்பவளுக்குக்கூடத் தெரியாது.

முன்பெல்லாம் டைரியில்தான் எழுதினாள். போன வருஷம் ஒருநாள் அந்த டைரியை ஆலயத்திலேயே மறந்து வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் பாடகர் குழு ஐசக் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்து, "நம்ம சபையில மூலத்தொந்தரவு யாருக்கு மிஸ்? எங்கிட்ட நல்ல நாட்டு மருந்து இருக்கு" என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார். அன்றோடு டைரிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பூட்டு இருக்கிறதே என்று போனுக்கு மாறினாள்.

இந்த வாரம் புதிதாக வந்த நாலு குறிப்புகளையும் ஐபோனில்தான் எழுதினாள். மஞ்சள் பட்டை போட்ட ஒரு நோட்டு அதில் இருக்கிறது. திங்களன்று திறந்தபோது ஒரு வரிகூட இல்லாமல் காலியாக இருந்தது. ஆளுக்கொரு பக்கம், மேலே பெயர், கீழே விஷயம்.

மொத்தத்தைக் கூட்டினாள். எழுபத்தொன்று. முதல் வகுப்புதான். காப்பியைக் குடித்துவிட்டு, நேற்றைய கூட்டத்தில் கேட்ட ஒரு குறிப்பைச் சேர்க்கலாம் என்று அந்த மஞ்சள் நோட்டைத் திறந்தாள்.

மேலே புதிதாக ஒரு பக்கம் இருந்தது. அவள் எழுதாதது.

ஆங்கில எழுத்தில் தமிழ். வாழைப்பூ. தயிர். கார் வாட்டர் வாஷ். அம்மாவுக்கு இன்னொரு சார்ஜர்.

பக்கத்தில் நேரம் இருந்தது. இன்று காலை 7.42.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. இந்தப் போன் நம் மனசில் இருப்பதைக்கூட எழுதிவிடுகிறதே என்று நினைத்தாள். பிறகுதான் 'அம்மாவுக்கு' என்ற வார்த்தையில் கண் நின்றது. இது ஜாய்சன் பள்ளிக்கரணையில், தன் வீட்டில், தன் போனில் எழுதிய பட்டியல். இங்கே எப்படி வந்தது?

கணக்கு டீச்சருக்கு அதற்குமேல் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவன் எழுதியது இங்கே வந்தால், இவள் எழுதியது அங்கே போயிருக்கும். 7.42க்கு அவன் அந்த நோட்டைத் திறந்திருக்கிறான். திறந்தவன் கண்ணில் கீழே இருக்கும் பக்கம் படாமலா போயிருக்கும்?

கீழே இருந்த பக்கத்தின் தலைப்பு, 'பிளஸ்ஸி'.

ரத்தினபாய் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள்.

பிளஸ்ஸி ஜாய்சனின் மனைவி. வியாழக்கிழமை சாயங்காலம் சிறுசேரியில் ஆபீஸ் முடிந்ததும் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே மாமியாரிடம் வந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு அழுதாள். கனடா போவதற்காக இருவரும் ஆங்கிலத் தேர்வு எழுதினார்களே, அதில் பிளஸ்ஸிக்கு மட்டும் பேச்சுப் பகுதியில் மதிப்பெண் படுத்துவிட்டது. ஜாய்சன் பாவம், அவளைத் தேற்றி, மறுபடி எழுதப் பெயர் கொடுத்திருந்தான்.

"அது தானா படுக்கல அத்தை. நானேதான் படுக்க வச்சேன். அவங்க ஒரு நிமிஷம் பேசச் சொன்னா, நான் ரெண்டு வார்த்தை சொல்லிட்டு நிறுத்திக்கிட்டேன். எனக்குப் போகப் பிடிக்கல. மூணு தடவை அவர்கிட்ட சொல்ல ஆரம்பிச்சேன். மூணு தடவையும் அவர் ஏதாவது ஒரு வீட்டு போட்டோவக் காட்டி, இதுல ஹால் எவ்ளோ பெருசு பாருன்னு சொல்றார். அந்த முகத்தைப் பார்த்துட்டு எப்படிச் சொல்றது?"

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லித்தான் ரத்தினபாய் அனுப்பினாள். சொல்லவும் இல்லை. எழுதினாள்.

இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்து தன் எழுத்தையே படித்தாள்.

'பிளஸ்ஸி. ஆங்கிலத் தேர்வில் வேண்டுமென்றே குறைவாகப் பேசினாள். கனடா போக இஷ்டமில்லை. ஜாய்சனிடம் சொல்லப் பயப்படுகிறாள். ஆண்டவரே, அவளுக்குத் தைரியம் தாரும்.'

அதோடு விட்டிருக்கலாம். கடவுளிடம் மறைப்பானேன் என்று இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தாள்.

'அவள் செய்தது தப்பு. நான் கண்டிக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னை மன்னியும்.'

ஒரு மருமகளின் ரகசியமும் ஒரு தாயின் கள்ளத்தனமும் ஒரே பக்கத்தில். இதை மகன் படித்திருந்தால் எந்த முகத்தோடு அவனைப் பார்ப்பது?

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"என்னம்மா, ரிசல்ட் போட்டாச்சா? அண்ணன் போன் பாஸா, ஃபெயிலா?" என்று கேட்டுக்கொண்டே ஜெரூஷா உள்ளே வந்தாள். அஸ்தினாபுரத்திலிருந்து வருகிறாள். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே கை ஆண்ட்ராய்டு பெட்டிக்குப் போய்விட்டது.

ரத்தினபாய் ஐபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

"எழுபத்தொண்ணா! ஏம்மா, பேப்பரைத் திருத்தினியா, பாசத்துல அள்ளிப் போட்டியா?" ஜெரூஷா மதிப்பெண் தாளைத் தூக்கிப் பார்த்தாள். "கேமராக்கு ஒன்பது. நீ என்ன கல்யாண வீட்டுக்கு போட்டோ எடுக்கவா போற? சபை குரூப்ல மெசேஜ் போடணும், பாடம் அனுப்பணும், தமிழ்ல எழுதணும். அதுக்கு எது லேசா இருக்கு சொல்லு."

"தமிழ் எழுத உன்னோடதுதான் லேசு. பழசுலயும் அதே கீபோர்டுதானே."

"அப்புறம்? கண்ணாடி உடைஞ்சா சண்முகம் ரோட்ல எந்தக் கடையில வேணா மாத்திக்கலாம். அண்ணன் இன்னும் ஆறு மாசத்துல போயிடுவான். அங்க பனியில நின்னுகிட்டு வீடியோ கால்ல, 'அம்மா, செட்டிங்ஸ் போ, ஜெனரல் போ'ன்னு சொல்லுவான். இங்க ஓடி வரப்போறது யாரு? நான்தானே? எனக்குத் தெரிஞ்ச போனா இருந்தா ஆகாதா?"

குரல் கடைசியில் லேசாக உடைந்தது. ஜெரூஷா அதை மறைக்கப் பெட்டியின் பிளாஸ்டிக்கை வேகமாகக் கிழித்தாள்.

இவ்வளவு நாளும் பிள்ளைகள் போனுக்காகத்தான் அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்திருந்தாள் ரத்தினபாய். ஒருவன் போகப் போகிறான். போகிறவன், அம்மாவைக் கட்டிய கயிற்றில் ஒரு நுனி தன் கையில் வேண்டும் என்கிறான். இருப்பவள், நான்தானே இருக்கப் போகிறேன், என்னைப் பார்க்கக் கூடாதா என்கிறாள். அவளுக்கு இரண்டு பேர் மேலும் பாவமாக இருந்தது.

"ஜெரூ, ஒண்ணு கேக்கறேன். ஒரு போன்ல எழுதினது இன்னொரு போன்ல தெரியுமா?"

"ஒரே ஐடின்னா தெரியும். ஏன்? அண்ணன் அவனோட ஐடியவா போட்டிருக்கான்?"

"சும்மா கேட்டேன்."

"சும்மாவா? உன் முகமே சரியில்ல." ஜெரூஷா சற்று உற்றுப் பார்த்தாள். அம்மா ஒன்றும் சொல்லப் போவதில்லை என்று தெரிந்ததும் போனுக்குத் திரும்பினாள். "இதுல அந்தத் தலைவலியே கிடையாது. நேத்தே ஆபேல் சொல்லிட்டார். புதுசா ஜிமெயில் எதுக்கு, என்னோடதையே போட்டுடு, அத்தை பாஸ்வேர்டு மறந்துடுவாங்கன்னு. ரெண்டே நிமிஷம்."

ரத்தினபாய் மகளை நிமிர்ந்து பார்த்தாள். ஆபேல் அவளுடைய மருமகன், தங்கமான பிள்ளை. ஆனால் இதே வாக்கியத்தை ஞாயிற்றுக்கிழமை ஜாய்சன் வாயிலிருந்தும் கேட்டாளே! ஆராதனை முடிந்து, பிரியாணிக்கு நேரமாகிறது என்று பறந்துகொண்டே, 'என் ஐடியே இருக்கட்டும்மா, உனக்குத் தனியா வச்சா மறந்துடுவ, போட்டோவை மட்டும் ஆஃப் பண்ணிட்டேன்' என்று அவன் சொன்னபோது தலையாட்டியவள் இவள்தான்.

"நான் எடுக்கற வகுப்புகள்ல மொத்தம் நூத்தி நாப்பத்திமூணு பிள்ளைங்க. அத்தனை பேரோட ரோல் நம்பரும் எனக்கு மனப்பாடம்" என்றாள். "நான் எதை மறந்தேன்னு நீங்கள்லாம் இப்படிச் சொல்றீங்க?"

ஜெரூஷா திகைத்துப் போனாள். "கோவமாம்மா?"

"கோவம் இல்லடி. பெட்டியை அப்படியே வச்சிட்டுப் போ. நானே பார்த்துக்கறேன்."

மகள் போனதும் ஜாய்சனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மீட்டிங்கில் இருந்தால்கூட எடுத்து, "அஞ்சு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு வைக்கிறவன். இரண்டாவது முறையும் எடுக்கவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பிளஸ்ஸியைக் கூப்பிட்டாள்.

"அத்தை, உங்க பிள்ளை அங்க வந்தாரா?" என்றுதான் பிளஸ்ஸி ஆரம்பித்தாள். "காலையில லிஸ்ட் சொன்னேன், போன்ல எழுதிக்கிட்டே இருந்தார். திடீர்னு எழுந்து, கடைக்குப் போயிட்டு வரேன்னு போனார். மூணு மணி நேரம் ஆச்சு. இங்க இருக்கற கடைக்கு மூணு மணி நேரமா?"

"ஒண்ணும் சொல்லலையா?"

"ஒரு வார்த்தை பேசல. என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏன் அத்தை?"

இந்த இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடலாம். யார் குறை சொல்லப் போகிறார்கள்? தப்பு ஒரு போனுடையது என்றும் சொல்லிவிடலாம். ரத்தினபாய்க்கு அந்த இரண்டு பொய்யும் நாக்கு நுனிவரை வந்தன. பத்தொன்பது வருஷம் ரகசியம் காப்பாற்றிய வாய், இன்றைக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறதே என்று வெட்கமாக இருந்தது.

"பிளஸ்ஸி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்மா. நீ சொன்னதை ஜெபக் குறிப்புல எழுதினேன். இந்த போன்லதான் எழுதினேன். இதுல இருக்கறது ஜாய்சன் ஐடி. நான் எழுதினது அவன் போனுக்கும் போயிருக்கு. எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது."

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று கேட்டது. பிறகு இன்னொன்று.

"எழுதி வச்சீங்களா அத்தை?"

"ஆமாம்மா."

"நான் உங்ககிட்டதானே சொன்னேன்."

அவள் கத்தியிருந்தால் தேவலை. அவ்வளவு மெதுவாகச் சொன்னதுதான் ரத்தினபாய்க்குத் தாங்கவில்லை. மன்னிச்சிடும்மா என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "அடுப்புல குக்கர் இருக்கு அத்தை, வச்சிடறேன்" என்று பிளஸ்ஸி வைத்துவிட்டாள்.

ரத்தினபாய் எழுந்து மதிப்பெண் தாளை எடுத்தாள். கடைசிக் கேள்விக்கு நேரே இருந்த பத்தைச் சிவப்பில் அடித்துச் சுழி போட்டாள். பிறகு இரண்டு போன்களையும் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ரயில்வே சுரங்கப்பாதை வழியாக மேற்குத் தாம்பரத்துக்கு வந்து, சண்முகம் சாலையின் நெரிசலில் நுழைந்து, அப்துல் கஃபாரின் மொபைல் கடையில் ஏறினாள். முன்னால் கவர், கண்ணாடி, ஹெட்போன் விற்பவர் கஃபார். உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், கழற்றிய போன்களுக்கு நடுவில், பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் வேலை செய்பவள் அவருடைய மகள் பஷீரா. பத்தாம் வகுப்பில் கணக்கில் முப்பத்தைந்து வாங்கி, ரத்தினபாய் மிஸ்ஸுக்கு வாழ்நாளில் மறக்காத கவலை கொடுத்தவள்.

"மிஸ்! வாங்க மிஸ், உக்காருங்க. வாப்பா, மிஸ்ஸுக்கு ஒரு டீ சொல்லுங்க."

"டீ அப்புறம். இதைப் பாரு."

விஷயத்தைச் சொல்லாமல், இது யார் ஐடியில் இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். பஷீரா ஐபோனை வாங்கி இரண்டு தட்டுத் தட்டினாள்.

"மேல பேர் பாருங்க மிஸ். ஜாய்சன் வேதசிரோமணி. இந்தப் போன்ல நீங்க வாடகைக்கு இருக்கீங்க. வீட்டுக்காரர் இன்னொரு சாவி வச்சிருக்கார்."

"நான் எழுதினதை அழிச்சா, அங்கயும் அழியுமா?"

"அழியும். ஆனா அழிச்சது ஒரு டப்பாவுல கொஞ்ச நாள் கெடக்கும். அதையும் காலி பண்ணணும். நான் காட்டறேன்."

"அவன் படிச்சானா இல்லையான்னு தெரியுமா?"

"வாட்ஸப்னா நீல டிக் வந்துடும். இதுல அதெல்லாம் இல்ல மிஸ்."

ரத்தினபாய் பெருமூச்சு விட்டாள். பிறகு, இதைக் கேட்கத்தானே ஒரு வாரம் தாளில் கட்டம் போட்டோம் என்று நினைவு வந்து, கேட்டாள். "இதுல எது நல்ல போன் பஷீரா?"

பஷீரா சிரித்துவிட்டாள். "தெனம் பத்து பேர் கேக்கறாங்க. ரிப்பேருக்கு எங்கிட்ட ரெண்டும்தான் வருது. உங்களுக்கு எது கை பழகியிருக்கு?"

"ஐபோன் வேகமா இருக்கு, தெளிவா இருக்கு. பொய் சொல்லக் கூடாது. ஆனா அதுல நான் எதையும் யோசிச்சு யோசிச்சுத்தான் செய்யறேன். என் பழசும் ஆண்ட்ராய்டுதான், அதுல கை தானா போகுது. தமிழ் அடிக்கிறேன்னே தெரியாம அடிச்சிடறேன்."

"அப்போ முடிஞ்சுதே மிஸ். மீதிய எல்லாம் யூட்யூப்காரங்க சண்டை போட்டுக்கட்டும்."

அடுத்த வாரத் தேர்வு நடக்காமலேயே ரிசல்ட் வந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷத்தில் ரத்தினபாய் டீச்சர் செய்த முதல் முறைகேடு இதுதான்.

பஷீரா சிம்மைக் கழற்றி ஆண்ட்ராய்டில் போட்டாள். "இதுல யார் ஐடி போடணும்?"

"என் ஐடி. என் பேர்ல."

"அப்படிச் சொல்லுங்க." பெயர், பிறந்த தேதி எல்லாம் அடித்து முடித்து, போனை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். "பாஸ்வேர்டு நீங்களே போடுங்க மிஸ். எனக்குச் சொல்லாதீங்க. நான் இப்படித் திரும்பிக்கறேன்."

ஐம்பத்தேழு வயசில், தாம்பரம் கடைத்தெருவின் இரைச்சலில், ரத்தினபாய் தனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். அத்தனை கலக்கத்திலும் அவளுக்குச் சின்னதாக ஒரு சந்தோஷம் வந்தது. வந்ததும் குற்ற உணர்ச்சியும் வந்தது.

"இப்ப அந்த ஐபோனைக் காலி பண்ணிடலாம்" என்றாள் பஷீரா. "கடை வைஃபைல போட்டிருக்கேன். எதை அழிக்கணுமோ நீங்க அழிங்க. அப்புறம் நான் சைன் அவுட் பண்ணிடறேன்."

மற்ற மூன்று சகோதரிகளின் குறிப்புகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அந்த டப்பாவையும் பஷீரா காட்டியபடி காலி செய்தாள். கடைசியாக 'பிளஸ்ஸி' பக்கத்தைத் திறந்தாள். இதை அழித்துவிட்டால், அவன் படித்திருந்தாலும் படிக்காததுபோல எல்லோரும் நடந்துகொள்ளலாம். குடும்பங்களில் அப்படி நடக்காததா? மறுபடி தேர்வு வரும், பிளஸ்ஸி மறுபடி ஏதாவது செய்வாள், இவள் மறுபடி ஒன்றும் தெரியாதவள்போல இருப்பாள்.

குப்பைக்கூடைப் படத்தின் மேல் விரலைக் கொண்டுபோனாள்.

அவள் எழுதிய கடைசி வரிக்குக் கீழே, யாரும் தொடாமலேயே, எழுத்துகள் வந்தன.

பக்கத்தில் எட்டிப் பார்த்த பஷீரா, "மிஸ்..." என்றாள். உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு தன் மேசைப் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஆங்கில எழுத்தில் தமிழ். வாழைப்பூ, தயிர் எழுதிய அதே கை.

'அம்மா, காலையில படிச்சேன். பிளஸ்ஸிகிட்ட இன்னும் ஒண்ணும் கேக்கல. அவ மேல எனக்குக் கோவம் இருக்கு. அது வேற.'

ரத்தினபாய் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். அடுத்த வரி வந்தது.

'நீ ஒரு தடவை எங்கிட்ட போகாதடான்னு சொல்லியிருக்கலாமேம்மா. ஒரே ஒரு தடவை.'

கடைக்கு வெளியே ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. கஃபார் யாருக்கோ கவர் விலை சொல்லிக்கொண்டிருந்தார். கனடா என்று அவன் முதலில் சொன்ன நாளிலிருந்து எத்தனை முறை, 'உனக்கு எது நல்லதோ செய்ப்பா, அம்மாவைப் பத்தி யோசிக்காதே' என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கிறாள்! தடுக்காமல் இருப்பதுதான் அன்பு என்று நம்பியிருந்தாள். அவனோ அதை, அம்மாவுக்கு ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு இவ்வளவு நாள் நடந்திருக்கிறான்.

"மிஸ், சைன் அவுட் பண்ணிடவா?" முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள் பஷீரா.

"இரும்மா."

ஐபோனை அப்படியே மேசைமேல் வைத்தாள். புதுப் போனைக் கையில் எடுத்தாள். அதில் இன்னும் ஒரு நம்பர்கூட ஏறவில்லை. ஜாய்சனின் பத்து எண்களையும் அவள் மனப்பாடமாகவே அடித்தாள்.

முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஜாய்சன்" என்றாள் ரத்தினபாய். "இப்பச் சொன்னா லேட்டாடா?"